தறிக்கு லீவு நாளில் மட்டும் கேட்ட பல்கடிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடித்த ஒரு பெண்குழந்தையைப் பற்றிய 13 மாதப் பதிவு இது. குழந்தைப் பல் மருத்துவப் பிரிவில் தொடங்கி, குழந்தை மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் என்று போய், மறுபடி பல் நாற்காலிக்கே வந்து சேர்ந்தது. பெற்றோரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கி எழுதியிருக்கிறோம்.

பின்னணி

ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, காவிரிக் கரையோரம் உள்ள ஒரு விசைத்தறி ஊர். அப்பா, அம்மா, அப்பாத்தா, குழந்தை என நாலு பேர். வீட்டின் பின்சுவரை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறிகள். இரண்டு ஷிப்டாக ராத்திரியும் பகலும் ஓடும். ஞாயிறு காலை நிறுத்தினால் திங்கள் காலைதான் மறுபடி ஓடும். குழந்தை அம்மாவோடும் அப்பாத்தாவோடும் பின்னறையில் பாயில் படுக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தறி.

நிறைமாதப் பிரசவம், பிறந்த எடை 2.8 கிலோ. ஒன்றே முக்கால் வயதுவரை தாய்ப்பால். அதற்குப் பிறகு பசும்பால், பாட்டிலில். ஒரு நாளைக்கு 700 மி.லி.க்குக் குறையாது. அதில் 180 மி.லி. ராத்திரி படுத்தபடியே, இன்னொரு 180 விடியற்காலை. தடுப்பூசிகள் எல்லாம் முடிந்திருந்தன. வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடு, தொடர்ந்து கொடுக்கும் மருந்து எதுவும் இல்லை. இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூளைவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் பல்கடிப்பு அதிகம். சில நரம்பு, மனநல மருந்துகளும் அதைத் தூண்டும்.

முதல் கட்டம்: 11 மாதத்தில், பகலில்

கீழே இரண்டு, மேலே இரண்டு முன்பற்கள் வந்த சமயம். குழந்தை விழித்திருக்கும்போதே, விளையாட்டுச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, தாடையை முன்னே தள்ளி 'கிறீச்' என்று உரசிப் பார்க்கும். யாராவது திரும்பிப் பார்த்தால் சிரித்துவிட்டு மறுபடி செய்யும். "பல்லு மொளைக்கற தினவு" என்று அப்பாத்தா சொன்னார். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் தானாக நின்றுவிட்டது.

அவர் சொன்னது சரிதான். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முதன்முதலாக ஒன்றையொன்று தொடும்போது, வாயில் புதிதாக வந்த பொருளைக் குழந்தை சோதித்துப் பார்க்கிறது. விழித்திருக்கும்போது, சில விநாடிகள், கவனத்தைத் திருப்பினால் நின்றுவிடும் என்ற மூன்றும் பொருந்தினால் செய்ய ஒன்றுமில்லை. ஈறு உறுத்தலுக்குக் குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். மரத்துப்போகச் செய்யும் ஜெல் மருந்துகள் கைக்குழந்தைக்கு வேண்டாம். இந்த முதல் கட்டம் எங்கள் கணிப்பைப் பின்னால் கொஞ்சம் கெடுத்தது. அதனால்தான் இங்கே பதிகிறோம்.

இரண்டாம் கட்டம்: ராத்திரிச் சத்தமும் பூச்சி மருந்தும்

2 வயது 1 மாதத்தில் சத்தம் திரும்பி வந்தது, இம்முறை தூக்கத்தில். அம்மாவின் வார்த்தையில், "அம்மிக்கல்லுல மணலைப் போட்டு அரைச்ச மாதிரி". வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் எல்லோரும் சொன்னது ஒன்றே: வயிற்றில் பூச்சி.

பிப்ரவரியில், தேசிய குடற்புழு நீக்க நாளன்று அங்கன்வாடியில் 400 மி.கி. அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தார்கள். 2 வயது தாண்டிய குழந்தைக்கு அதுவே சரியான அளவு (1 முதல் 2 வயதுக்குள் பாதி, 200 மி.கி.). சத்தம் குறையவில்லை. பத்து நாள் கழித்து மருந்துக்கடையில் கேட்டு ஒரு சிரப். மார்ச் கடைசியில் மூன்றாவது முறை. நடுவே இரண்டு நாள் வேப்பங்கொழுந்து உருண்டையும் கொடுத்திருக்கிறார்கள். ஏழு வாரத்தில் மூன்று தடவை பூச்சி மருந்து.

அங்கன்வாடி மாத்திரையில் தவறில்லை, ஆண்டுக்கு இருமுறை எல்லாக் குழந்தைகளுக்கும் போய்ச்சேர வேண்டியது அது. கீரிப்பூச்சி என்று தெரிந்தால் இரண்டு வாரம் கழித்து இரண்டாம் தடவை கொடுப்பதிலும் நியாயம் உண்டு, ஏனென்றால் மருந்து முட்டைகளை முழுமையாகக் கொல்லாது. ஆனால் இந்தக் குழந்தைக்கு ராத்திரியில் ஆசனவாய் அரிப்பு கிடையாது. மலத்தில் பூச்சி கண்டதில்லை. காலையில் கழுவிவிடும் முன் ஒட்டும் டேப்பை ஆசனவாயில் ஒற்றி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்க்கும் எளிய சோதனையையும் யாரும் செய்யவில்லை. பூச்சிக்கும் பல்கடிப்புக்கும் நேரடித் தொடர்பு இன்றுவரை உறுதியாகவில்லை. மருந்து பெரிய கெடுதல் எதையும் செய்யவில்லை. போனது ஏழு வாரம்.

அப்பாத்தா இன்னொன்றும் கவனித்திருந்தார்: "ஞாயித்துக்கிழமை ராத்திரின்னா கடிக்குதுங்க. மத்த நாள் இல்லை." ஞாயிறு கறிச்சோறு சாப்பிடுவதால்தான் என்று வீட்டில் முடிவு செய்து, மூன்று வாரம் குழந்தைக்குக் கறியை நிறுத்திவிட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை நாங்களும் முதலில் அப்படியே எழுதிக்கொண்டோம்.

முதல் வருகை: 2 வயது 4 மாதம்

எடை 11.1 கிலோ. அம்மாவும் மருத்துவரும் முழங்கால் தொட எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தையின் இடுப்பு அம்மா மடியிலும் தலை மருத்துவர் மடியிலும் இருக்கும்படி படுக்க வைத்துப் பார்த்தோம். இந்த வயதுக்கு நாற்காலியைவிட இதுவே எளிது. குழந்தை அழுதால் வாய் இன்னும் நன்றாகத் திறக்கும்.

16 பற்கள் முழுதாக வந்திருந்தன. கீழ் இரண்டாம் கடைவாய்ப் பற்கள் ஈறைக் கிழித்துப் பாதி எட்டிப் பார்த்தன. மேல் நடு முன்பற்கள் இரண்டின் விளிம்பும் அரத்தால் ராவியதுபோல் தட்டை. உயரம் 5.5 மி.மீ. (வழக்கமாக 6 மி.மீ. அளவில் இருக்கும்). மேல் கோரைப்பற்களின் கூர் மழுங்கி, சுமார் 1 மி.மீ. அகலத்துக்குப் பளபளப்பான தளம் உண்டாகியிருந்தது. தாடையை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தியபோது கீழ்க் கோரைப்பல்லின் தளம் அதில் அச்சுக்கு அச்சாகப் பொருந்தியது. உரசித் தேய்ந்த பல் இப்படித்தான் இருக்கும். வயிற்று அமிலம் எதுக்களித்து அரித்த பல்லில் தளம் மங்கலாக, நடுவில் கிண்ணம்போல் குழிந்திருக்கும், எதிர்ப்பல்லோடு பொருந்தாது. பால்பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறத்தாழ பாதிக் கனம்தான் என்பதால் தேய்மானம் சீக்கிரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரிவதாலேயே ஆபத்து என்று ஆகாது. உள்ளே மஞ்சள் நிற டென்டின் எங்கும் வெளிப்படவில்லை. பல்லைத் தட்டினால் வலி இல்லை, வாய் முழுதாகத் திறந்தது.

மேல் முன்பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளைப் பட்டை இருந்தது. பல்கடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராத்திரி பாட்டில் பாலால் தொடங்கும் சொத்தையின் முதல் அடையாளம் அது.

"குறட்டை விடுமா?" என்று கேட்டோம். "இல்லீங்க" என்றார் அம்மா. படிவத்தில் 'இல்லை' என்று எழுதினோம்.

அன்று எடுத்த முடிவு: இரண்டாம் கடைவாய்ப் பல் முளைப்பதால் வரும் பல்கடிப்பு. நான்கு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். வெள்ளைப் பட்டைக்கு 5 சதவீத சோடியம் புளோரைடு வார்னிஷ் பூசினோம். ராத்திரி பாட்டிலை நிறுத்தச் சொன்னோம். ஒரே நாளில் பிடுங்கினால் வீடே தூங்காது, அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை 30 மி.லி. குறைத்து 12 நாளில் நிறுத்தும் கணக்கு. இடையில் கேட்டால் தண்ணீர். அரிசி அளவு புளோரைடு பேஸ்ட்டால் இரண்டு வேளை துலக்கவும், பெரியவர்கள் கையால்.

இந்தக் குடும்பம் அதற்கு முன் ஒரு பல் மருத்துவமனைக்குப் போயிருக்கிறது. அங்கே ராத்திரி போட்டுக்கொள்ளும் பல்லுறை செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றோம். இந்த வயதில் தாடை மாதத்துக்கு மாதம் வளர்கிறது, இன்னும் நான்கு பற்கள் வரவேண்டும். உறை இரண்டு மாதத்தில் பொருந்தாமல் போகும், அல்லது பல்வரிசையின் வளர்ச்சியைப் பிடித்து வைக்கும். பால்பற்கள் குட்டை, உறை பிடிப்பாக நிற்காது. தூக்கத்தில் கழன்றால் தொண்டையில் சிக்கலாம். அதோடு, உறை பல்லைக் காக்குமே தவிர, கடிப்பதை நிறுத்தாது.

மூன்று வீடியோக்கள்

நான்கு வாரம் கழித்து வந்தபோது கீழ்க் கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்துவிட்டன. சத்தம் நிற்கவில்லை. "அதே ஞாயித்துக்கிழமைதான்" என்றார் அம்மா. எதிரே உட்கார்ந்திருந்த குழந்தை வாயைத் திறந்தபடி பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதடு வறண்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம். நான்கு நிமிடத்தில் ஒருமுறைகூட உதடு மூடவில்லை. முதல் வருகையில் அழுத வாயைப் பார்த்தோமே தவிர, சும்மா இருக்கும் வாயைப் பார்க்கவில்லை.

கேள்வியை மாற்றிக் கேட்டோம். தூங்கும்போது மூச்சுச் சத்தம் எப்படி இருக்கும்? "அதுவா, மூக்கடைப்புங்க. சளி எப்பவும் இருக்கும். உர்ர்ருன்னு வாங்கும், சில நேரம் கொழகொழன்னு. குறட்டையெல்லாம் இல்லீங்க, அது எங்க மாமனார் விடுவாரு."

குறட்டை என்ற சொல் அந்த வீட்டில் பெரிய ஆண்களுக்கு உரியது. குழந்தைக்கு அது 'மூக்கடைப்பு'. அவர் பொய் சொல்லவில்லை, எங்கள் கேள்விதான் தவறு.

வீடியோ எடுத்துவரச் சொன்னோம். எப்படி எடுப்பது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் போர்வை மட்டும் தெரியும். மூன்று ராத்திரி, ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை 10 நிமிடம்: தூங்கி ஒரு மணி நேரம் கழித்து ஒன்று, விடிகாலை 3 முதல் 5 மணிக்குள் ஒன்று. சட்டையை மார்புக்கு மேலே ஏற்றிவிட வேண்டும். முகம், கழுத்துக்குழி, விலா, வயிறு நாலும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும். வெளிச்சத்துக்கு அடுத்த அறை விளக்கு போதும். தறிச் சத்தம் வராத முன்னறையில் படுக்க வைத்து எடுக்க வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. முன்னறையில் செவ்வாய், புதன், வியாழன் மூன்று ராத்திரியும் பல்கடிப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்பது கறியால் அல்ல, அன்றைக்குத்தான் தறி ஓடாது. மற்ற ஆறு ராத்திரியும் நாடா அடிக்கும் சத்தத்தில் பல் சத்தமும் அமுங்கிப்போயிருந்தது, மூச்சுச் சத்தமும் அமுங்கிப்போயிருந்தது.

படத்தில் கண்டவை: வாய் திறந்திருக்கிறது, கழுத்து பின்னால் வளைந்து முகவாய் மேலே தூக்கியிருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே இழுபடுகிறது. வயிறு எழும்போது மார்பு அமுங்குகிறது. உர்ர்ர் என்ற சத்தம், பிறகு 6, 7 விநாடி நிசப்தம். அந்த நேரத்தில் வயிறு அசைகிறது, காற்று போகவில்லை. குழந்தைகளுக்கு இரண்டு மூச்சு தவறினாலே அது கணக்கில் சேரும். பிறகு ஒரு விதிர்ப்பு, கை உதறல், பெருமூச்சு. உடனே தாடை இறுகி மூன்று நான்கு முறை நறநற. மறுபடி உர்ர்ர்.

ஆறு பதிவுகளில் பல்கடிப்பு கேட்டவை நான்கு. அவற்றில் மூன்றில் இந்த வரிசை தெளிவாக இருந்தது. தூக்கப் பல்கடிப்பு பெரும்பாலும் மேலோட்டமான தூக்கத்தில், மூளை ஒருசில விநாடி விழித்தெழும் நுண்விழிப்போடு சேர்ந்து வருகிறது என்பது ஆய்வுக்கூடப் பதிவுகளில் கண்டது. எதனால் அந்த விழிப்பு என்பதே அடுத்த கேள்வி. மூச்சடைப்பு அதற்கு ஒரு காரணம். ஒரே காரணம் அல்ல, மூச்சு நன்றாக ஓடும் குழந்தைகளும் பல்லைக் கடிக்கிறார்கள்.

பரிசோதனைகள்

காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தபோது டான்சில் இரண்டும் மூன்றாம் தரம், அதாவது தொண்டை அகலத்தில் பாதிக்கு மேல் அடைத்திருந்தன. மூக்கினுள் தசை வெளிறி வீங்கியிருந்தது, ஒவ்வாமையின் அடையாளம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை காற்றுப்பாதையைக் குறுக்கியிருந்தது. காதில் நீர் இல்லை.

முழுத் தூக்கப் பரிசோதனைக்குப் பெருநகரம் போகவேண்டும், காத்திருப்பும் செலவும் அதிகம். அதற்குப் பதிலாக ஒரு ராத்திரி மருத்துவமனையில் ஆக்சிமீட்டரை ஓடவிட்டுப் பதிவெடுத்தார்கள். ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் 97. ஆனால் மூன்று கொத்துகளாக இறக்கங்கள், அவற்றில் 90க்குக் கீழே ஐந்து முறை, மிகக் குறைந்தது 86. இந்தப் பதிவு சாதாரணமாக இருந்தால் மூச்சடைப்பு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இப்படி இருந்தால் உண்டு என்று நம்பலாம்.

குழந்தை மருத்துவர் கேட்ட ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.9 கிராம் (இந்த வயதில் 11க்குக் குறைந்தால் ரத்தசோகை), உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் 8. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது பெரிட்டின் பொய்யாக ஏறித் தெரியும் என்பதால், சளிக்காய்ச்சல் இல்லாத வாரத்தில்தான் ரத்தம் எடுத்தார். 700 மி.லி. பசும்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த எண்கள் ஆச்சரியம் தராது. பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றை நிறைத்து மற்ற உணவையும் தடுக்கும். இரும்புக் குறைவு தூக்கத்தில் கைகால் உதறலையும் புரளலையும் கூட்டும். இந்தக் குழந்தை பாயில் கடிகார முள்போல் சுற்றிவந்து காலையில் தலைமாட்டில் கால் வைத்துக் கிடக்கும். பல்கடிப்புக்கே இரும்புக் குறைவு காரணம் என்று சொல்லுமளவுக்குச் சான்று இல்லை. ரத்தசோகையை எப்படியும் சரிசெய்தாக வேண்டும்.

முடிவுகளும் காரணங்களும்

உடனே அறுவை சிகிச்சை என்று போகவில்லை. மூன்று வயதுக்குக் குறைந்த, மூச்சடைப்பு உள்ள குழந்தைக்கு அறுவைக்குப் பிறகு மூச்சுத் தொல்லை வரும் வாய்ப்பு கூடுதல். ஹீமோகுளோபின் 9.9இல் ரத்தம் இழக்கவிடுவதும் நல்லதல்ல. ஒவ்வாமை வீக்கம் மருந்தில் குறையக்கூடியது. ஆகவே 10 வாரம் மருந்து, பிறகு மறுபதிவு என்று மூன்று துறையும் சேர்ந்து முடிவெடுத்தன. மூச்சு நிற்கும் நேரம் கூடினால், உதடு நீலம் பாரித்தால், காத்திருக்காமல் வரவேண்டும் என்பது நிபந்தனை.

இரும்பு சொட்டு மருந்து, கிலோவுக்கு 3 மி.கி. கணக்கில் நாளுக்கு 33 மி.கி. தனிம இரும்பு (மருந்தில் உள்ள இரும்பின் அளவு மட்டும்). பாலோடு கொடுக்கக் கூடாது, முன்பின் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் நாளுக்கு 400 மி.லி.க்குள், டம்ளரில். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, பிறகு மொமெட்டசோன் ஸ்பிரே, ஒவ்வொரு துளையிலும் நாளுக்கு ஒருமுறை. 2 வயதுக்கு மேல் கொடுக்கக்கூடியது, மருத்துவர் சீட்டில் மட்டும்.

வீட்டில் செய்தவை: படுக்கை முன்னறைக்கு மாறியது. பஞ்சுத் தூசியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது. தறியிலிருந்து வரும் ஆள் சட்டையை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவது. கொசுவத்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை. பழைய இலவம்பஞ்சுத் தலையணை போனது. தலைக்கு ஊற்றிய பிறகு போடும் சாம்பிராணிப் புகையை நிறுத்துவதற்குத்தான் அப்பாத்தா மசியவில்லை. கழுத்துக்குழி இழுபடும் வீடியோவை ஒருமுறை சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டினோம். "அய்யோ, மூச்சுக்கு இந்தப் பாடு படுதா?" என்றவர், அன்றைக்கே தூபக்காலை எடுத்து அட்டாலியில் வைத்துவிட்டதாக அம்மா பிறகு சொன்னார்.

பதிவுக்குப் புது நோட்டு எதையும் கொடுக்கவில்லை. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே தேதிக் கட்டத்தில் மூன்று குறிகள்: பல் சத்தத்துக்கு வட்டம், மூச்சுச் சத்தத்துக்குக் கோடு, தலை வியர்வைக்குப் புள்ளி. படுத்து ஒரு மணி நேரம் கழித்தும் விடிகாலையிலும் கேட்டுக் குறிக்க வேண்டும். தனி நோட்டு ஒரு வாரம்கூடத் தாங்காது. காலண்டர் 10 வாரமும் நிரம்பியது.

10 வாரங்களில் நடந்தது

முதல் வாரத்தில் ஆறு வட்டங்கள். வாரத்துக்கு ஒன்று ஆறாகிவிட்டதே, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அப்பா பதறிப் போன் செய்தார். கூடியது கடிப்பு அல்ல, கேட்பு. முன்கூட்டியே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் அம்மா இரும்பு மருந்தை நிறுத்திவிட்டார். முன்பற்கள் கறுத்துவிட்டன, சொத்தை என்று நினைத்துவிட்டார். பத்து நாள் வீணானது. இரும்புச் சொட்டு பல்லின் மேற்பரப்பில் கறுப்புக் கறை படிய வைக்கும். அது சொத்தை அல்ல, மென்மையாகிக் குழி விழாது, துலக்கி மெருகேற்றினால் போய்விடும். சொட்டை முன்பல்லில் படாமல் கன்னத்தின் உட்பக்கம் பின்னால் விட்டு, உடனே இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தால் கறை குறையும். மருந்தை எழுதியது குழந்தை மருத்துவர், பல்லைப் பார்ப்பது நாங்கள், கறையைப் பற்றிச் சொல்ல இரண்டு பக்கமும் மறந்துவிட்டோம்.

ஐந்தாம் வாரம் மூக்கில் லேசாக ரத்தம். ஸ்பிரேயை நேராக நடுச்சுவரில் அடித்திருக்கிறார்கள். முனையைக் காதுப் பக்கம், வெளிச்சுவரை நோக்கித் திருப்பி அடிக்க வேண்டும். இதைச் செய்து காட்டிய பிறகு ரத்தம் வரவில்லை.

10 வாரம் முடிவில் ஹீமோகுளோபின் 11.4, பெரிட்டின் 24. பகலில் உதடு மூடியிருக்கும் நேரம் கூடியது. புரளல் பாதியாகக் குறைந்தது. வட்டங்கள் வாரத்துக்கு மூன்று. ஆனால் கோடுகள் ஏறக்குறைய எல்லா நாளும். மறுபதிவில் 90க்குக் கீழே நான்கு முறை, குறைந்தது 87. பல் சத்தம் பாதியாகிவிட்டதால் குடும்பத்துக்கு நிம்மதி, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றார்கள். பல் சத்தத்தை மட்டும் அளந்திருந்தால் நாங்களும் சரி என்றிருப்போம். மூச்சு அவ்வளவாகத் தேறவில்லை. அறுவை தேவை என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் முடிவு செய்தார்.

அறுவையும் அதற்குப் பிறகும்

2 வயது 9 மாதத்தில் டான்சிலும் அடினாய்டும் எடுக்கப்பட்டன. மூன்று வயதுக்குக் குறைவு என்பதால் ஒரு ராத்திரி ஆக்சிமீட்டரோடு கண்காணிப்பில் இருந்தது. வலிக்குப் பாரசிட்டமால், எடைக் கணக்கில், முதல் சில நாள் நேரம் தவறாமல். கோடீன் கலந்த மருந்து 12 வயதுக்குள் கூடவே கூடாது என்று சீட்டிலேயே எழுதப்பட்டது.

ஆறாம் நாள் தொண்டையில் வெள்ளைப் படலம் பார்த்து, சீழ் பிடித்துவிட்டது என்று வீட்டில் பயந்தார்கள். அறுத்த இடம் ஆறும்போது வரும் படலம் அது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: 5 முதல் 10 நாளுக்குள் புது ரத்தம் வந்தால், கொஞ்சமாக இருந்தாலும், நேராக மருத்துவமனை. இங்கே வரவில்லை.

முதல் வாரம் தொண்டை வீக்கத்தால் சத்தம் அப்படியே இருந்தது. மூன்றாம் வாரம் கோடுகள் நின்றன. நான்காம் வாரம் ஒரே ஒரு வட்டம். மூன்றாம் மாத ஆக்சிமீட்டர் பதிவில் 92க்குக் கீழே ஓர் இறக்கமும் இல்லை. மெல்ல முடியாமல் கறியைக் கன்னத்தில் அடக்கி வைத்துத் துப்பும் பழக்கம் போனது, ஆறு மாதத்தில் எடை 1.6 கிலோ கூடியது. இரும்பு மருந்து மொத்தம் ஆறு மாதம் தொடர்ந்தது.

பல்கடிப்பு முழுதாக நின்றுவிடவில்லை. 3 வயது 5 மாதத்தில், கடைசியாகப் பார்த்தபோது, மாதத்துக்கு இரண்டு அல்லது மூன்று ராத்திரி இருந்தது, பெரும்பாலும் சளி பிடித்த நாட்களில். பாலர் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் தொடர்ந்து மூன்று ராத்திரி. அதற்கு எந்தச் சிகிச்சையும் கொடுக்கவில்லை.

பற்களின் நிலை

13 மாதம் கழித்தும் மேல் முன்பற்களின் உயரம் 5.5 மி.மீ.தான். அளவுகோலின் துல்லியமே அரை மி.மீ. என்பதால், பெரிதாகத் தேயவில்லை என்று மட்டும் சொல்லலாம். பல்லில் உள்ள தேய்மானம் பழைய கணக்கு, இன்றைக்குக் கடிக்கிறதா என்பதை அது சொல்லாது. கோரைப்பல் தளம் கொஞ்சம் அகன்றிருந்தது, டென்டின் தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் பூசியதிலும் ராத்திரிப் பால் நின்றதிலும் வெள்ளைப் பட்டை பளபளப்பாகி இறுகிவிட்டது.

டென்டின் மஞ்சளாகத் தெரிந்து, குளிர்ந்த தண்ணீருக்குக் கூசி, பல் உடையவோ ஈறில் கட்டி வரவோ செய்திருந்தால் பல்லுக்குத் தனியாக வேலை செய்திருப்போம். கடைவாய்ப் பல்லுக்கு எஃகு உறை, முன்பல்லுக்குப் பல்நிற அடைப்பு. இங்கே அதற்குத் தேவை வரவில்லை.

மாற்றிச் செய்யவேண்டியவை

இரண்டாம் கடைவாய்ப் பற்கள் 23 முதல் 33 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். அந்தப் பத்து மாதத்தில் குழந்தைக்கு எது நடந்தாலும் 'பல் முளைப்பு' என்று சொல்லிவிடலாம், எதையும் விளக்கிவிடும் காரணம் அது. 11 மாதத்தில் இதே குழந்தைக்குப் பல் முளைப்பால் வந்து தானாகவே போன கதை கையில் இருந்ததால், எங்களுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. பூச்சி என்று வீடு சொன்னதற்கும் பல் முளைப்பு என்று நாங்கள் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வீடியோவை முதல் வருகைக்கு முன்பே, நேரம் குறித்துக்கொடுக்கும்போதே கேட்டிருந்தால் நான்கு வாரம் மிச்சம். பால் அளவைக் கேட்ட அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். 700 மி.லி. என்று எழுதிய கை, சொத்தையை மட்டும் யோசித்தது.

எது எவ்வளவு பலன் தந்தது என்று இந்தப் பதிவிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இரும்பு, ஸ்பிரே, அறை மாற்றம், புகை நிறுத்தம் எல்லாம் ஒரே வாரத்தில் தொடங்கின. வயது ஏற ஏறப் பல்கடிப்பு குறைவதும் வழக்கம். பெற்றோர் கேட்ட சத்தமும் பல்லில் கண்ட தேய்மானமும் சேர்ந்தால் 'பெரும்பாலும் பல்கடிப்பு' என்ற படிதான். கருவிப் பதிவு இல்லாமல் 'உறுதி' என்று எழுத முடியாது. குழந்தைகளில் எத்தனை பேருக்கு இது உண்டு என்ற கணக்கு ஆய்வுக்கு ஆய்வு 3.5 சதவீதத்திலிருந்து 40 சதவீதம்வரை வேறுபடுவதற்கு, யாரிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதும் ஒரு காரணம். இந்த வீட்டில் கேட்டவர்களின் காதுக்கும் குழந்தைக்கும் நடுவே நான்கு தறி ஓடியது.

எங்கள் படிவத்தில் 'குறட்டை: உண்டு / இல்லை' என்ற வரியை எடுத்துவிட்டோம். இப்போது அங்கே இருப்பவை: தூங்கும்போது மூச்சுச் சத்தம் எப்படி இருக்கும், செய்து காட்டுங்கள். வாய் திறந்திருக்குமா? கழுத்து பின்னால் வளைந்திருக்குமா? தலையணை நனைகிற அளவு வியர்க்குமா? படுக்கும் இடத்தில் ராத்திரி என்ன சத்தம் இருக்கும்: தறி, ஏர்கூலர், நெடுஞ்சாலை? கூடப் படுப்பவர் யார், அவருக்குக் காது நன்றாகக் கேட்குமா?

குழந்தையை அடுத்து ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறோம். அதே கோணத்தில் மேல் முன்பற்களின் படம், சும்மா உட்கார்ந்திருக்கும்போது நான்கு நிமிடம் உதடு, மறுபடி ஒரு வீடியோ. அடினாய்டு சதை சில குழந்தைகளுக்குத் திரும்ப வளர்வதுண்டு. காலண்டரில் கோடு மீண்டும் தொடங்கினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.